வாஷிங்டன் பென்ஸ் சில்லி பவுல்: சாப்பாடு எப்படி, அறுபதுகள் எப்படி

வாஷிங்டன் டிசிக்கு சுத்திப்பாக்க வர்ற நம்மாளுங்க எல்லாருக்கும் லிஸ்ட்டு ஒண்ணுதான். வெள்ளை மாளிகை வேலி முன்னாடி ஒரு ஃபோட்டோ, லிங்கன் மெமோரியல் படிக்கட்டு, ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம், அப்புறம் எங்கயாவது ஒரு இந்தியன் பஃபே, ஊர் முடிஞ்சுது. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் நடுவுல ஒரு மத்தியானத்த யூ ஸ்ட்ரீட்டுக்குன்னு எடுத்து வெச்சிடுவேன். பென்ஸ் சில்லி பவுல்னு ஒரு கடை, 1958லேர்ந்து அதே எடத்துல இருக்கு, லிங்கன் தியேட்டருக்குப் பக்கத்துல. கூட வர்றவங்கள்ல பாதி பேர் "இதுக்கா இவ்ளோ தூரம்"னு மூஞ்சிய வெச்சுப்பாங்க, ஏன்னா பாக்க ஒரு சாதா பழைய டைனர்தான், நீளமா ஒரு கவுண்டர், செவப்பு ஸ்டூல், செவுரு பூரா ஃபோட்டோ, ஒரு ஜூக்பாக்ஸ்.

போன தடவ கூட்டிட்டுப் போனது எங்க மாமனார. ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், கேள்வி கேட்டே ஆள காலி பண்ணிடுவாரு. பிளேன்லேர்ந்து எறங்கின மறுநாளே "மாப்ள, அந்த அறுபதுகள்ல இங்க பெரிய களேபரம் நடந்துச்சே, கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், வியட்நாம், அதெல்லாம் எங்க போய் பாக்கறது"ன்னாரு. "ஒரு சாசேஜ் கடையில பாக்கலாம் மாமா"ன்னேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாரு. இந்த ரிவ்யூ பாதி அவருக்கு நான் சொன்ன பதில்தான், அதனால நீளமாத்தான் இருக்கும், சாப்பாட்ட பத்தி மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறவங்க அடுத்த ரெண்டு பாராவோட கழண்டுக்கலாம்.

கடையோட ஸ்டார் ஐட்டம் சில்லி ஹாஃப் ஸ்மோக். டிசிக்கே உரிய சாசேஜ் இது, வேற ஊர்ல சட்டுனு கெடைக்காது. ஹாட் டாக்க விட தடியா இருக்கும், உள்ள பன்றியும் மாடும் கரகரன்னு அரைச்சு, புகை போட்டது, அத சூடான இரும்புத் தட்டுல பொரட்டிப் பொரட்டி மேல் தோல் லேசா வெடிக்கற வரைக்கும் விட்டு, ஆவில சூடு பண்ணின பன்னுக்குள்ள வெச்சு, கடுகு பேஸ்ட், பொடி வெங்காயம், அது மேல ஒரு கரண்டி சில்லி ஊத்தித் தருவாங்க. சில்லின்னா மொளகா இல்ல, கொத்துக்கறிய மசாலால கொழகொழன்னு வேக வெச்சது, நம்ம பரோட்டா கடை சால்னா செய்யற வேலைய இங்க இது செய்யுது, எது மேல ஊத்தினாலும் அது வேற ஐட்டமா மாறிடும். கடிச்சா மொதல்ல தோல் "டப்"புனு ஒடையும், அப்புறம் புகை வாசம், அப்புறம் தான் சில்லி. காரம் அவங்க கணக்குக்கு காரம், நம்ம நாக்குக்கு ஹாட் சாஸ் பாட்டில பக்கத்துல இழுத்து வெச்சுக்கறது நல்லது. சில்லி சீஸ் ஃப்ரைஸ் எனக்கு ஹாஃப் ஸ்மோக்க விட புடிக்கும்னு சொன்னா ரெகுலர் கஸ்டமருங்க அடிக்க வருவாங்க, இருந்தாலும் சொல்றேன். மில்க் ஷேக் கெட்டியா இருக்கும், ஸ்ட்ரால இழுத்தா கன்னம் உள்ள போயிடும்.

சைவக்காரங்க பயப்பட வேணாம், மாடு பன்றி ரெண்டும் வேணாங்கறவங்களுக்கும் வழி இருக்கு, வெஜ்ஜி சில்லின்னு கேளுங்க, வான்கோழில செஞ்சதும் இருக்கு. இதுல ஒரு வேடிக்க பாருங்க, கடைய ஆரம்பிச்ச பென் அலி ஒரு முஸ்லிம், பன்றிக்கறி தொட மாட்டாரு. அவரு பேர ஊரெல்லாம் பரப்பினது பன்றி கலந்த சாசேஜ்.

இந்த பென் அலி யாருன்னு கேட்டா நம்ம ஆளுங்களுக்கு காது நிமிரும். முழுப்பேர் மஹபூப் பென் அலி, டிரினிடாட்லேர்ந்து வந்தவரு, இந்திய வம்சாவளி. படிக்க அமெரிக்கா வந்தவரு, டாக்டர் ஆகணும்னு ஆசை, அடிபட்டு முதுகு போயி அந்தக் கனவு கலைஞ்சுது, கடைசில இங்க பக்கத்துல இருக்கற ஹோவர்ட் யூனிவர்சிட்டில வந்து சேந்தாரு. வர்ஜீனியா ரோலின்ஸ்னு ஒரு கருப்பினப் பொண்ணு, பேங்க்ல கேஷியரா இருந்தாங்க. ரெண்டு பேரும் சேந்து 1958 ஆகஸ்ட்ல கடைய தொறந்தாங்க, அக்டோபர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கட்டடம் ஊமைப்பட காலத்து தியேட்டர். அதே 1958 ஜூன்லதான் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரட் லவிங்னு வெள்ளக்காரரும் கருப்பினப் பொண்ணுமா ஒரு ஜோடி வர்ஜீனியா மாநிலத்துலேர்ந்து இதே டிசிக்கு வந்து கல்யாணம் பண்ணிட்டு ஊர் திரும்பின கொஞ்ச வாரத்துல போலீஸ் பெட்ரூமுக்குள்ள பூந்து அரெஸ்ட் பண்ணுச்சு. அந்த கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி கலப்புத் திருமணத் தடை ஒழிய 1967 ஜூன் ஆச்சு. டிசிக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவுல இருக்கற ஆத்துப் பாலத்த தாண்டினா சட்டம் வேற, அந்தக் காலத்து அமெரிக்கா அப்படி.

மாமா கேட்டாரு, "சரி மாப்ள, ஒரு ஓட்டலுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம், நல்ல கடை, பழைய கடை, அவ்ளோதான?"

சம்பந்தம் என்னன்னா, அறுபதுகளோட மொத பாதி சண்டை பூரா ஓட்டல் ஸ்டூலுக்காக நடந்த சண்டை மாமா. 1960 பிப்ரவரி 1, நார்த் கரோலினா கிரீன்ஸ்பரோ, வுல்வொர்த்னு ஒரு பல்பொருள் கடை. காலேஜ் மொத வருஷம் படிக்கற நாலு கருப்பினப் பசங்க உள்ள போயி பேஸ்ட் அது இதுன்னு சாமான் வாங்கி பில்லு போட்டுட்டு, அந்த பில்ல கையில வெச்சுக்கிட்டே அதே கடையோட சாப்பாட்டு கவுண்டர்ல போய் உக்காந்து காபி கேட்டாங்க. சாமான் விக்கறதுக்கு அவங்க காசு ஆகும், காபி குடுக்க மட்டும் ஆகாது. குடுக்கல. கடை மூடற வரைக்கும் உக்காந்திருந்துட்டு போனாங்க, மறுநாள் ஆள் அதிகமா வந்தாங்க, அதுக்கு மறுநாள் இன்னும் அதிகம், கொஞ்ச வாரத்துல தெற்கு பூரா ஊர் ஊரா பரவிடுச்சு, தலையில கெட்சப் ஊத்தறது, சிகரெட்டால சுடறது எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு பசங்க புக்க தொறந்து வெச்சு பாடம் படிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அந்த வருஷ ஜூலைல கிரீன்ஸ்பரோ கவுண்டர் எல்லாருக்கும் தொறந்துது. ஏப்ரல்லயே எலா பேகர்ங்கற அம்மா இந்தப் பசங்கள ஒண்ணு கூட்டி எஸ்என்சிசின்னு மாணவர் அமைப்ப உருவாக்கிட்டாங்க, அதுக்கு மொத தலைவர் மேரியன் பேரி, இவரு பின்னாடி டிசிக்கே மேயர் ஆனவரு, இந்தக் கடைல அடிக்கடி வந்து சாப்பிட்டவரு. பேர நெனப்புல வெச்சுக்கோங்க.

அந்த கிரீன்ஸ்பரோ கவுண்டர்ல ஒரு துண்டு, ஸ்டூலோட, இங்க அமெரிக்கன் ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு. நாங்க காலைல அத பாத்துட்டுத்தான் கடைக்கு வந்தோம். அத மொறப்படி தள்ளி நின்னு பாக்கணும், உக்கார முடியாது, மியூசியம்னா அப்படித்தான். பென்ஸ்ல அதே காலத்து கவுண்டர், நீங்க பாட்டுக்கு ஏறி உக்காந்து ஃப்ரைஸ் சாப்பிடலாம். ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணுங்கங்கறது என்னோட அட்வைஸ்.

டிசில அந்தச் சண்டை கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சிருந்துது. மேரி சர்ச் டெரல்னு ஒரு பாட்டி, டவுன்டவுன் கேஃபிடீரியாவுல சாப்பாடு குடுக்க மாட்டேன்னுட்டாங்கன்னு கேஸ் போட்டு 1953ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க, அப்ப அவங்களுக்கு 89 வயசு. 1870கள்ல போட்டு அப்புறம் எல்லாரும் வசதியா மறந்துபோன ஒரு உள்ளூர் சட்டத்த தேடிக் கண்டுபுடிச்சு அத வெச்சே அடிச்சாங்க. ஆனா டிசிய விட்டு காரெடுத்துட்டு கெளம்பினா போச்சு. 1961 ஜூன்ல ஆப்பிரிக்காவோட சாட் நாட்டுத் தூதர் மாலிக் சோ நியூயார்க்லேர்ந்து வாஷிங்டன் வர்ற வழில மேரிலேண்ட் ரூட் 40ல ஒரு டைனர்ல காபி கேட்டாரு, கெடையாதுன்னுட்டாங்க. ஒரு நாட்டோட தூதர். சோவியத்துக்கு எதிரா சுதந்திரம் சுதந்திரம்னு உலகம் பூரா பேசிட்டு இருந்த கென்னடி அரசாங்கத்துக்கு மானம் போச்சு. இதுல நம்மாளுங்களும் விதிவிலக்கு இல்ல, 1955லயே ஹூஸ்டன் ஏர்போர்ட் ரெஸ்டாரன்ட்ல இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தாவ எழுப்பி வேற ரூமுக்கு அனுப்பினாங்க, வெளியுறவு மந்திரி டல்லஸ் மன்னிப்பு கேக்க வேண்டி வந்துது. இத சொன்னப்ப மாமா ஷேக்க கீழ வெச்சுட்டாரு.

1963 ஆகஸ்ட் 28 டிசில கருப்பினத்தவங்க உரிமைக்காக நடந்த பேரணி எல்லாருக்கும் தெரியும், ரெண்டரை லட்சம் பேர், கிங்கோட கனவுப் பேச்சு. எனக்கு அதுல புடிச்சது சாப்பாட்டு ஏற்பாடு. பேயர்ட் ரஸ்டின்னு ஒரு ஆள், மொத்த பேரணிக்கும் மேனேஜர், வெயில்ல கெட்டுப்போற எதையும் சாண்ட்விச்சுக்குள்ள வைக்காதீங்க, மயோனைஸ் வேண்டாம்கற வரைக்கும் யோசிச்சவரு. நியூயார்க்ல ஒரு சர்ச்ல தன்னார்வலர்கள் ராத்திரி பூரா உக்காந்து 80,000 பொட்டலம் கட்டினாங்க, சீஸ் சாண்ட்விச், ஒரு துண்டு கேக், ஒரு ஆப்பிள். டிசி அரசாங்கம் கலவரம் வரும்னு பயந்து அன்னைக்கு சாராயக் கடைய எல்லாம் மூடிட்டு பட்டாளத்த ரெடியா வெச்சிருந்துது, ஒண்ணும் ஆகல. கிங் ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கடைல வந்து சாப்பிட்டிருக்காருன்னு வர்ஜீனியா அலி பல பேட்டில சொல்லியிருக்காங்க, கிங்கோட அமைப்புக்கு ஒரு ஆபீஸ் பக்கத்துலதான் இருந்துது.

அப்புறம் நவம்பர்ல டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் ஊர்ல கென்னடிய சுட்டுக் கொன்னாங்க, ஜான்சன் ஜனாதிபதி ஆனாரு, 1964 ஜூலை 2 சிவில் ரைட்ஸ் சட்டம், ஓட்டல் மாதிரி பொது எடத்துல நெறம் பாத்து ஒதுக்கக் கூடாதுன்னு. சட்டம் வந்த மறுநாளே அட்லாண்டால லெஸ்டர் மேடக்ஸ்னு ஒரு ஓட்டல்காரர் சாப்பிட வந்த கருப்பின மாணவர்கள துப்பாக்கியக் காட்டி வெரட்டினாரு, அவரு கூட நின்ன ஆளுங்க கையில கோடாலிக் காம்பு. கருப்பினத்தவங்கள சேத்துக்கறத விட கடைய மூடறதே மேல்னு மூடினாரு. அந்த ஆளு 1967ல ஜார்ஜியாவுக்கு கவர்னர் ஆயிட்டாரு. இது ஜோக் இல்ல. கோடாலிக் காம்புக்கு ஓட்டு விழும்னு அரசியல்வாதிங்க கத்துக்கிட்ட எடம் அது, அந்தப் பாடத்த இன்னைய வரைக்கும் மறக்கல.

பர்மிங்ஹாம்ல ஆலீஸ் பார்பெக்யூன்னு இன்னொரு கடை, வேலை செய்யறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு கருப்பினத்தவங்க, ஆனா கஸ்டமரா வந்தா பார்சல் மட்டும், உள்ள உக்காரக் கூடாது. சமைக்கலாம், பரிமாறலாம், உக்காரக் கூடாது. சட்டம் செல்லாதுன்னு கேஸ் போட்டாங்க. 1964 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது பேரும் ஒண்ணா தள்ளிட்டாங்க. எத வெச்சு தெரியுமா, மனுஷன் மனுஷனுக்கு சமம்ங்கற வசனத்த வெச்சு இல்ல, அந்தக் கடை ஒரு வருஷத்துல வாங்கற சாப்பாட்டு சரக்குல 69,683 டாலர் கறி வெளி மாநிலத்துலேர்ந்து வருது, அதனால இது மாநிலங்களுக்கு நடுவுல நடக்கற வியாபாரம், அதுல காங்கிரஸ்ங்கற அமெரிக்க பாராளுமன்றம் சட்டம் போடலாம்னு. கறிக்கடை பில்லுல ஜெயிச்ச சமத்துவம். வக்கீல் மூளைக்கு ஒரு கும்புடு.

இங்க நம்ம சொந்தக் கதை ஒண்ணு நடுவுல வருது, மாமாவுக்கு இத கண்டிப்பா சொல்லணும்னு இருந்தேன். 1946லேர்ந்து இந்தியாவுக்கு அமெரிக்கா குடுத்த குடியேற்ற கோட்டா வருஷத்துக்கு நூறு பேர். நூறே பேர். உள்ளூர்ல தோல் நெறம் பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு வாசல்ல நெறம் பாத்து உள்ள விட்டா அசிங்கமா இருக்கும்ல, அந்தக் காத்துல 1965 அக்டோபர் 3ல ஜான்சன் சுதந்திர தேவி சிலைக்கு கீழ உக்காந்து புது குடியேற்ற சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, ஒரு நாட்டுக்கு வருஷம் 20,000 வரைக்கும்னு ஆச்சு. இது ஒண்ணும் புரட்சி இல்ல, கோடிக்கணக்கான பேர் வாழ்க்கைய மாத்தாதுன்னு பேசினாரு மனுஷன். மாமாவோட பொண்ணும் நானும் எங்க பசங்களும் அந்தக் கையெழுத்துல வந்தவங்க. நம்மாளுங்க சில பேர் இங்க வந்து பெரிய வீடு வாங்கினதும் கருப்பினத்தவங்களப் பத்தி பேசற பேச்ச பார்ட்டில கேட்டா பத்திக்கிட்டு வரும், அந்த ஸ்டூல்ல அடி வாங்கினவன் தொறந்த கதவு வழியாத்தான் நாம வந்தோம், சரி விடுங்க, ரிவ்யூவுக்கு வர்றேன்.

ஸ்டூல் கெடச்சாச்சு, அப்ப ஊர் ஏன் எரிஞ்சுது? மாமா கரெக்டா அங்கதான் வந்து நின்னாரு. 1965 ஆகஸ்ட் 6 ஓட்டுரிமைச் சட்டம், அஞ்சே நாள் கழிச்சு லாஸ் ஏஞ்சலஸ் வாட்ஸ் பகுதி எரியுது. 1967ல நியூவர்க், டெட்ராய்ட். வடக்குல ஓட்டல்ல "உனக்கு எடமில்ல"ன்னு போர்டு கெடையாது, ஆனா வேலை கெடையாது, வீடு கெடையாது, போலீஸ் அடிக்கும். இத கிங்கே புரிஞ்சுக்கிட்டாரு. 1968 மார்ச்ல மெம்ஃபிஸ்ல குப்பை அள்ற தொழிலாளிங்க ஸ்ட்ரைக் கூட்டத்துல பேசும்போது கேட்டாரு, ஹாம்பர்கரும் காபியும் வாங்கக் கையில காசு இல்லாதவனுக்கு எல்லாரும் சேந்து உக்கார்ற கவுண்டர்ல எடம் கெடச்சு என்ன பிரயோஜனம்னு. என்னக் கேட்டா அந்தப் பத்து வருஷத்துல யாரும் கேட்ட கேள்வியிலயே பெரிய கேள்வி அதுதான். வியட்நாமுக்கு அஞ்சு லட்சம் படை, குண்டுக்கு காசு இருக்கு, ஏழைக்கு இல்லன்னு வேற பேச ஆரம்பிச்சுட்டாரு, பழைய கூட்டாளிங்களே வெலகிப் போனாங்க. மார்ச் 31 ஜான்சன் டிவில வந்து நான் மறுபடி தேர்தல்ல நிக்கலன்னுட்டாரு. ஏப்ரல் 4, மெம்ஃபிஸ் லொரெய்ன் மோட்டல் பால்கனி, கிங்க சுட்டாங்க.

கடைலேர்ந்து ரெண்டு பிளாக்கு கூட இல்ல, 14வது தெருவும் யூ ஸ்ட்ரீட்டும் சேர்ற முக்கு. ரேடியோல செய்தி வந்ததும் அங்கதான் கூட்டம் சேந்துது. ஸ்டோக்லி கார்மைக்கேல், எஸ்என்சிசியோட முன்னாள் தலைவர், கிங்க விட சூடானவரு, 1966ல 'பிளாக் பவர்' முழக்கத்த எழுப்பினவரு, பசங்களோட கடை கடையா ஏறி மரியாதைக்கு கடைய மூடுங்கன்னு கேட்டுட்டு போனாரு. கொஞ்ச நேரத்துல கண்ணாடி ஒடைய ஆரம்பிச்சுது, அப்புறம் தீ. நாலஞ்சு நாள். ஜான்சன் 13,000த்துக்கும் மேல படைய எறக்கினாரு, கேப்பிடல் படிக்கட்டுல மெஷின் கன். பன்னெண்டு பதிமூணு சாவு, 6,000த்துக்கும் மேல அரெஸ்ட், ஆயிரத்த தாண்டி கட்டடம் போச்சு. சாயங்காலமே ஊரடங்கு, எல்லாக் கடையும் மூடணும்.

இந்த ஒரு கடை மட்டும் தொறந்திருந்துது. கார்மைக்கேல்தான் அதிகாரிங்ககிட்ட பேசி பெர்மிஷன் வாங்கிக் குடுத்தாரு, தெருவுல எறங்கி ஜனங்கள அமைதிப்படுத்திட்டு இருந்த ஆளுங்களுக்கு சோறு வேணும்ல. பென் அலி ஜன்னல்ல சோப்பால "சோல் பிரதர்"னு எழுதினாரு, இது நம்மாளு கடை, கை வைக்காதீங்கன்னு அர்த்தம். போராட்டக்காரங்களும் போலீஸும் தீயணைப்புக்காரங்களும் அதே கவுண்டர்ல சாப்பிட்டாங்க, தெருவுல ஒருத்தர ஒருத்தர் தொரத்தினவங்க. கார்மைக்கேலும் டிரினிடாட்காரர்தான். ஒரு டிரினிடாட்காரன் இன்னொரு டிரினிடாட்காரனுக்கு ஊரடங்குல லைசென்ஸ் வாங்கிக் குடுத்த கதை இது, இதுக்கு மேல எந்த மியூசியம் வேணும்.

இந்த எடத்துல மாமா சுத்தி ஒரு தடவ பாத்துட்டு "இதே எடமா மாப்ள?"ன்னாரு. இதேதான் மாமா. ஷேக்க எடுத்து மிச்சத்த குடிச்சு முடிச்சாரு.

அப்புறம் நடந்தது ஜூன்ல கென்னடியோட தம்பி பாபி கென்னடி கொலை. கிங் போட்ட திட்டப்படி நேஷனல் மால்ல ஏழைங்க மரக் குடிசை போட்டு தங்கின 'ரெசரெக்‌ஷன் சிட்டி' மழைல சேறாகி ஜூன் 24 போலீஸ் வந்து காலி பண்ணிச்சு. ஆகஸ்ட்ல ஜனநாயகக் கட்சியோட சிகாகோ மாநாட்டுல போலீஸ் தடியடி, நவம்பர்ல சட்டம் ஒழுங்குன்னு சொல்லி நிக்சன் ஜெயிச்சாரு. 1969ல ஓரினச்சேர்க்கையாளங்க எழுச்சி நடந்த ஸ்டோன்வால், நெலால கால் வெச்சது, உட்ஸ்டாக் பாட்டுத் திருவிழா எல்லாம் ஒரே கோடைல. கலாச்சார மாற்றம்னா எல்லாரும் நீள முடி, கிட்டாருன்னுதான் ஆரம்பிப்பாங்க, அதப் பத்தி எழுத நெறய பேர் இருக்காங்க, எனக்கு அதுல பெருசா ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

யூ ஸ்ட்ரீட்டுக்கு 1968க்கு அப்புறம் நடந்தத மட்டும் சொல்றேன், ஏன்னா கடைய இப்ப போய் பாத்தா குழம்பும். ஒரு காலத்துல இத 'பிளாக் பிராட்வே'ன்னு சொல்லுவாங்க, ஜாஸ் இசைக்காரர் டியூக் எல்லிங்டன் வளந்த ஏரியா. வெளில எங்கயும் விடாத காலத்துல சினிமா, டான்ஸ் ஹால், பேங்க், துணிக்கடை எல்லாம் இங்கயே அவங்களே வெச்சிருந்தாங்க. எரிஞ்சதுக்கு அப்புறம் வசதியானவங்க வெளியேறிட்டாங்க, போதைப்பொருள் வந்துது, எரிஞ்ச மனை வருஷக்கணக்கா பொட்டலா கெடந்துது. 1986ல மேயரா இருந்த நம்ம மேரியன் பேரி அந்த 14 யூ முக்குல ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்த கொண்டாந்து வெச்சாரு. அப்புறம் மெட்ரோ கிரீன் லைனுக்கு தெருவையே தோண்டிப் போட்டாங்க, வாடிக்கையே இல்லாம கடை ஒரே ஒரு வேலையாள வெச்சு ஓடுச்சு. ஸ்டேஷன் 1991ல தொறந்துது. தீயில தப்பிச்ச கடை தோண்டின பள்ளத்துல கிட்டத்தட்ட விழுந்துருச்சு.

இப்ப பக்கத்துல எல்லாம் கண்ணாடி அபார்ட்மென்ட், காபிக்கு ஓட் மில்க் வேணுமான்னு கேக்கற கடைங்க. 1970ல டிசில நூத்துக்கு எழுபத்தோரு பேர் கருப்பினத்தவங்க, 2011ல அது பாதிக்கும் கீழ போயிடுச்சு. யாரும் போர்டு போட்டுத் தொரத்தல, வாடகை தொரத்திடுச்சு. கிங் கேட்ட ஹாம்பர்கர் கேள்வி ஸ்டூல விட்டு எறங்கி வீட்டு வாசல்ல போய் நிக்குது. இதுல பென்ஸும் ஒரு டூரிஸ்ட் ஸ்பாட் ஆயிடுச்சேன்னு சில பேர் சலிச்சுக்குவாங்க, நியாயம்தான், 2009 ஜனவரில ஒபாமா பதவியேத்துக்க பத்து நாள் முன்னாடி வந்து ஹாஃப் ஸ்மோக் சாப்பிட்டதுக்கப்புறம் ஃபோட்டோ எடுக்கவே வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஆனா நாங்க போன மத்தியானம் எனக்கு ரெண்டு ஸ்டூல் தள்ளி பஸ் டிரைவர் யூனிஃபார்ம்ல ஒருத்தர், அந்தப்பக்கம் சர்ச்சுக்கு போட்ட தொப்பியோட ரெண்டு பாட்டிங்க, ஹோவர்ட் டி ஷர்ட் போட்ட பசங்க, அப்புறம் நாங்க. டூரிஸ்ட் ஸ்பாட்ல இவ்ளோ கலவையா கூட்டம் வராது. வேலை செய்யறவங்க எல்லாரையும் "பேபி", "ஹனி"ன்னு கூப்பிடுவாங்க, எங்க மாமனார அப்படி கூப்பிட்டதுல அவரு காது செவந்ததுதான் அன்னைக்கு ஹைலைட், அத்தைகிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருக்காரு, சொல்லல, எழுதிருக்கேன்.

வெளிய வந்ததும் பக்கத்துச் சந்துல திரும்புங்க, சந்துக்கே 'பென் அலி வே'ன்னு பேரு. அவரு 2009 அக்டோபர்ல தவறிட்டாரு. செவுத்துல பெருசா ஓவியம். முன்னாடி அங்க காமெடி நடிகர் பில் காஸ்பி இருந்தாரு, கடைக்கு ரொம்ப வருஷ கஸ்டமர், அவரு மேல பாலியல் புகார் வரிசையா வந்ததுக்கப்புறம் 2017ல பழச அழிச்சுட்டு யார வரையலாம்னு ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டு புதுசா வரைஞ்சாங்க, ஒபாமா தம்பதி, முகமது அலி, அடிமைங்கள தப்பிக்க வெச்ச ஹாரியட் டப்மன், பாடகர் பிரின்ஸ் எல்லாம் இருக்காங்க. டிக் கிரகரியும் இருக்காரு, அறுபதுகள்ல மேடைல சிரிக்க வெச்சுட்டு எறங்கினதும் நேரா போராட்டத்துக்கு போயி ஜெயிலுக்குப் போனவரு. செவுர எரேசர் போட்டு திருத்தற தைரியம் எனக்குப் புடிச்சுது, நெறய ஊர்ல செலைய தொடவே நடுங்குவாங்க.

மார்க் போடச் சொன்னா சாப்பாட்டுக்கு அஞ்சுக்கு மூணரை, சில்லி சீஸ் ஃப்ரைஸுக்கு மட்டும் நாலரை. சாசேஜே புடிக்காதவங்க சாப்பாட்டுக்காக மெனக்கெட்டு வர வேணாம். அறுபதுகளப் புரிஞ்சுக்க வர்றவங்க வரலாம், ஆனா கடைல எதுவும் உங்களுக்கு விளக்க மாட்டாங்க, ஃபோட்டோவுக்கு கீழ குறிப்பு தேடினா ஏமாந்துடுவீங்க, கொஞ்சம் படிச்சுட்டு வாங்க, இல்ல என் மாமனார் மாதிரி தெரிஞ்சவங்கள தொணதொணங்க. விலை டவுன்டவுன்ல ஒரு சாலட்டுக்கு குடுக்கற காசுல வயிறு ரொம்பிடும். கார் எடுத்துட்டு வராதீங்க, யூ ஸ்ட்ரீட் பார்க்கிங் பாவம் பண்ணினவங்களுக்கு. கிரீன் லைன் புடிச்சு யூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல 13வது தெரு பக்கம் வெளிய வந்தா எதிர்லயே தெரியும். மத்தியானம் பன்னெண்டு ஒரு மணி வேணாம், மூணு மணி வாக்குல போங்க, அப்பதான் டேபிளுக்கு போகாம கவுண்டர்ல ஸ்டூல் கெடைக்கும். கெடச்சா சமையல் கல்லுக்கு நேரா உக்காருங்க, ஹாஃப் ஸ்மோக் ஒண்ணு வாங்கி ரெண்டா வெட்டித் தரச் சொல்லி பகிர்ந்துக்கோங்க, மிச்ச எடத்த ஃப்ரைஸுக்கு வெச்சுக்கோங்க.